கடைசிப் பாட்டு மட்டும் ஏன் சீறுகிறது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருக்கிறேன். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா தந்துவிட்டுப் போன ரெக்கோட் பிளேயரோடு இரண்டு கிழமையாக மல்லுக்கட்டுகிறேன்.

தட்டின் வெளிப்பக்கப் பாட்டுகள் தேன் மாதிரி. லேபிளை நெருங்க நெருங்க 'ச', 'ஸ' எல்லாம் சீறுகின்றன. உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கான பள்ளம் குட்டை, ஊசிக்கு வேலை கூட என்பது தெரியும். அதற்காக இவ்வளவா?

மேசன் அண்ணையிடம் நீர்மட்டம் வாங்கி மேசையைச் சரிப்படுத்தினேன். (வீட்டுச் சீமெந்துத் தரையே ஒரு பக்கம் சரிவு, அது வேறு கதை.) ஊசிப் பாரம் (ஊசி தட்டை அழுத்தும் அளவு) 1.5 கிராமில் கிடந்தது. காட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் சின்னத் தலை) கையேட்டில் 1.8 முதல் 2.2 வரை என்று இருந்ததால் 2 ஆக்கினேன், ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி ஸ்கேட்டிங்கும் 2. சீறல் பாதி குறைந்தது. ஊசி நுனியில் சோளகக் காற்று அள்ளி வந்த செம்புழுதி வேறு பஞ்சாக ஒட்டியிருந்தது. மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் துடைத்தேன்.

இனிக் காட்ரிஜ் கோணம்தான் மிச்சம். அதற்கான அளவுத்தாளைக் கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்தால், 100 மில்லிமீற்றர் கோடு அடிமட்டத்தில் 97 காட்டுகிறது! சரியான அளவுத்தாள் யாரிடமாவது இருக்கிறதா? ஊசி தேய்ந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? புது ஊசி வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்குமா, கொழும்புக்குத்தான் போகவேணுமா?