ஒரே நாளில் வெளியேறுகிற பிபிஏவுக்கு இத்தனை கூச்சலா?

சோதனைக்குழாய்: "கர்ப்பிணி பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டால் பிள்ளை குறையோடு பிறக்கும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. டப்பாவிலிருந்து உணவில் கலக்கும் பிளாஸ்டிக் வேதிப்பொருளான பிஸ்பீனால் ஏ (பிபிஏ) கல்லீரலில் செயலிழந்து, ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். போனது எப்படிக் கெடுக்கும்?

மல்லிகா: போகிறது சரி, மறுநாள் திரும்ப வருகிறதே! அமெரிக்காவில் 2003-04இல் சோதித்தவர்களில் நூற்றுக்கு 93 பேரின் சிறுநீரில் இருந்தது.

சோதனைக்குழாய்: சிறுநீரில் இருந்தது என்றால் வெளியேறுகிறது என்றுதானே அர்த்தம்? என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி.

அகரன்: தாயின் கல்லீரல் செய்வதைக் கருவின் கல்லீரல் முழுதாகச் செய்யாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு உருவாவதும் சில வாரங்களில்தான்; அந்த நேரத்தில் வந்துபோனாலே கெடுக்கலாம். கருச்சிதைவைத் தடுக்க என்று கர்ப்பிணிகளுக்கு முன்பு டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் மருந்தைக் கொடுத்தார்கள். 1971இல் அந்தத் தாய்மார்களின் மகள்களிடம் அரிதான யோனிப் புற்றுநோய் தெரியவந்தது. மருந்து என்ன, அதுவரை தாயின் உடம்பிலேயே தங்கியிருந்ததா?

சோதனைக்குழாய்: அது மாத்திரை, மில்லிகிராம் கணக்கு. இது டப்பா. திரும்பவும் கேட்கிறேன்: ஒரே நாளில் போவது எப்படிக் கெடுக்கும்?

மல்லிகா: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பாதுகாப்பான அளவை 20,000 மடங்கு குறைத்ததே, சும்மாவா?

சோதனைக்குழாய்: ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன அளவு ஆணையம் சொன்னதைப்போல 1,000 மடங்கு. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். ஆணையம் பார்த்ததும் எலியின் நோய் எதிர்ப்புச் செல்லை. மனிதக் கருவை அல்ல.

அகரன்: அந்த எலிக்குட்டிகளுக்கு பிபிஏ போனது தாய் வழியாக. படித்துவிட்டுப் பேசலாமே.

சோதனைக்குழாய்: எனக்குப் பாடமா? தாய்ப்பால் விவாதத்தில் பாதியில் ஓடியவர்தானே நீங்கள்?

அகரன்: ஓடவில்லை. உங்கள் வசவைப் படிக்கச் சலித்துப்போனது.

புதியவன்: 'பிபிஏ இல்லை' என்று போட்ட டப்பா வாங்கினால் போதுமா?

மல்லிகா: பலவற்றில் பதிலுக்கு பிஸ்பீனால் எஸ். அதுவும் பிபிஏவைப்போலவே ஹார்மோனைச் சீண்டும்.

சோதனைக்குழாய்: ஆக, எதை வாங்கினாலும் பயம்! அதுவும் சிறுநீரில் போகும், மல்லிகா.

மல்லிகா: பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நமக்குப் பழக்கமில்லை.

சோதனைக்குழாய்: சரிங்க, மேடம். இப்போதாவது பதில் வருமா? ஒரே நாளில் போவது...

அகரன்: மேலே எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சோதனைக்குழாய்: கண்ணாடி வரைக்கும் வந்தாச்சா? அந்தத் தாய்ப்பால் விவாதத்தில் நீங்கள் எழுதியதை எடுத்துப் போடட்டுமா?