நாலணா போட்டால் பாடும் பெட்டி

செம்பூர் கிழவன்:

பம்பாயில் ஜூக்பாக்ஸில் தமிழ்ப் பாட்டுக் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா? நான் கேட்டிருக்கிறேன். ஒரே கடை, ஒரே இசைத்தட்டு. அதை உள்ளே நுழைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

1971இல் மாட்டுங்காவுக்கு வந்தேன். ஓர் அறையில் ஐந்து பேர். சாப்பாடு உடுப்பிக் கடையில், தமிழ்ப் படம் அரோராவில், மிச்ச நேரமெல்லாம் கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய ஓர் இரானிக் கடையில், அதாவது இரானிலிருந்து வந்தவர்கள் நடத்திய டீக்கடையில். பளிங்குக்கல் மேசை, வளைத்த மரத்தில் செய்த நாற்காலி, சுவரில் அவர்கள் மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர் படம். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் சேட் எழுந்து போகச் சொல்லமாட்டார். மேசை துடைக்கும் பையனை மட்டும் இரண்டு தடவை அனுப்புவார். அதைப் புரிந்துகொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

கதவுக்கு இடப்பக்கம் அந்தப் பெட்டி. நாலணா போட்டு ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் அழுத்த வேண்டும். உள்ளே ஒரு சின்ன வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் நகர்ந்து, யோசித்து நின்று, வரிசையிலிருந்து ஒரு தட்டை உருவும். தட்டு படுக்காது. நின்றபடியே சுற்றிப் பாடும். முதல் மாதம் முழுக்க அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் போனேன், அதுவும் அடுத்தவன் காசில்.

பாட்டெல்லாம் இந்தி, நடுவே கொஞ்சம் ஆங்கிலம், ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட். ராஜேஷ் கன்னாவுக்குக் கிஷோர் குமார் பாடிய பாட்டுகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம். அர்த்தம் பாதிதான் புரியும், ஆனால் தலையை முழுதாக ஆட்டுவோம்.

அறைத்தோழர் ஒருவர் திருநெல்வேலிக்காரர், டி.எம்.எஸ். என்றால் உயிர். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் சிறிய தட்டு ஒன்றை வேட்டிக்குள் சுருட்டி எடுத்து வந்தார். நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. சேட்டிடம் நீட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, தட்டின் நடுவே சுண்டுவிரலை வைத்துக் காட்டினார். ஓட்டை சிறியது. பெட்டிக்குள் போகும் தட்டுக்கு ஒன்றரை அங்குல ஓட்டை வேண்டும். 'இது உள்ளே போகாது, மதராசி' என்றார். திட்டாகச் சொல்லவில்லை, ஐந்து பேருக்கும் அவரிடம் அந்த ஒரே பெயர்தான்.

சயானில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கினோம். ஒரு மயிரிழை தள்ளிப்போய்விட்டது. ஓட்டை நட்டநடுவில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. முள் உள்ளும் வெளியுமாக ஆட, சுருதி ஏறி ஏறி இறங்கியது. டி.எம்.எஸ். கட்டுமரத்தில் நின்றுகொண்டு பாடுவது போலிருந்தது. கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை, பாட்டே அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். 'உங்கள் ஊர் ராகமா?' என்று சேட் கேட்டார். திருநெல்வேலிக்காரர் கூச்சமே இல்லாமல் 'ஆமாம்' என்றார்.

பாட்டின் பெயரைச் சீட்டில் நானே தமிழில் எழுதிச் செருகினேன். கடைசி வரிசை, வி எட்டு. ஒரு வருடம் இருந்திருக்கும். 1973இல் ஒரு நாள் போய்ப் பார்த்தால் அங்கே வேறு சீட்டு. தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று தெருவில் கோஷம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சேட் பயந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடைக்குப் போவதையே விட்டுவிட்டோம்.

முலுண்ட் வாசி:

ஐயா, கதை அருமை. ஆனால் தட்டு நின்றபடி சுற்றியது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கை ஒன்று வந்து தட்டைத் தூக்கிப் படுக்க வைக்கும். கோட்டைப் பகுதியில் வேலை பார்த்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு நினைவு பிசகுகிறது.

தொண்ணூறடிச் சாலை:

லேத் பட்டறை என்று படித்ததும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நானும் அப்போது தாராவியில் ஒரு பட்டறையில் எடுபிடி. தகட்டில் துளை அடித்தால் நடுவிலிருந்து வட்ட வில்லை விழும் அல்லவா, அதைக் குப்பை என்று ஓரமாகக் கூட்டிவைப்பார்கள். நாலணாவின் குறுக்களவு 19 மில்லிமீட்டர். அதே அளவில் துளை அடிக்கும் வேலை ஒரு தடவை வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப் பையில் பத்து வில்லைகளோடு போவேன். முதலில் ஒரு நல்ல காசு, எல்லோரும் பார்க்கும்படி. பிறகு வில்லைகள். எனக்குப் பாட்டில் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. நான் எழுந்து போய் அழுத்தினால் முப்பது பேர் அதைத்தான் கேட்டாக வேண்டும் என்பதில்தான் ஆசை. பட்டறையில் என் பேச்சை ஒரு பூனை கூடக் கேட்டதில்லை.

ஒரு நாள் திடீரென்று பெட்டி வில்லையைத் துப்ப ஆரம்பித்தது. போடப் போடத் திரும்பி வந்தது. கல்லாவில் இருந்த சேட் நிமிராமலே, கம்பியில் கோத்த ஒரு மாலையை எடுத்து மேசை மேல் வைத்தார். அத்தனையும் என் வில்லைகள். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன், மிச்சச் சில்லறையை வாங்கவில்லை.

2011 ஜூனோடு நாலணாவே செல்லாமல் போய்விட்டது. இப்போது என் வில்லையும் அதுவும் ஒன்றுதான்.

வடாலா அக்கா:

நீங்கள் எல்லோரும் பொத்தானை அழுத்தியவர்கள். நாங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர்கள். குடும்பத்தோடு போனால் பின்னால் மரத் தடுப்பு வைத்த அறைதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா எனக்கும் தம்பிக்கும் பன் மஸ்கா வாங்கிக் கொடுப்பார். வெண்ணெய் தடவிய பன்னை டீயில் முக்கினால் டீயின் மேல் எண்ணெய் வட்டங்கள் மிதக்கும். அவற்றை எண்ணிக்கொண்டே பாட்டுக் கேட்பேன். என்ன பாட்டு வரும், யார் போட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது. அடுத்து லதாவா ரஃபியா என்று தம்பியோடு பந்தயம் கட்டுவதுதான் எங்களுக்குக் கிடைத்த பங்கு.

ஒரு தடவை தமிழ்ப் பாட்டு வந்தது! அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். குரல் ஆடிக்கொண்டே வந்தது. 'பெட்டிக்குக் குளிர் ஜுரம் போலிருக்கிறது' என்றார் அப்பா. ஆனால் பையனைக் கூப்பிட்டு நாலணாவைக் கொடுத்து, இன்னொரு தடவை போடச் சொன்னார். பையனுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியவில்லை. வேறு ஏதோ ஓர் இந்திப் பாட்டு வந்தது. செம்பூர் ஐயா, அது உங்கள் தட்டா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போனதும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம்தான்.

கல்லூரிக்குப் போனபின் தோழிகள் மூன்று பேராக முன்பக்கம் போய் நாங்களே காசு போட்டோம். கடை அமைதியாகிவிட்டது. எந்தப் பாட்டு என்பது மறந்துவிட்டது, அந்த அமைதி மறக்கவில்லை.

குர்லா மெக்கானிக்:

பதினாறு வயதிலிருந்து இந்தப் பெட்டிகளைப் பிரித்து மாட்டியவன், ஆகவே முதலில் தீர்ப்பு: செம்பூர் ஐயாவும் முலுண்ட் ஐயாவும் இருவரும் சரி. சீபர்க் கம்பெனிப் பெட்டியில் தட்டு நின்றுகொண்டு பாடும். 1948இல் அவர்கள் கொண்டுவந்த அமைப்பு அது. ஐம்பது தட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து நூறு பாட்டு. ராக்-ஓலா கம்பெனிப் பெட்டியில் கை தூக்கிப் படுக்க வைக்கும். ராக் இசைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, கம்பெனியைத் தொடங்கியவரின் பெயர் ராக்கோலா. வி எட்டு என்றால் ஐயா பார்த்தது இருநூறு பாட்டுப் பெட்டி. இருபது எழுத்து, பத்து எண். ஒன்று, பூஜ்யம் என்று குழம்பாமலிருக்க ஆங்கில எழுத்துகளில் ஐயும் ஓவும் இருக்காது.

வில்லைத் தம்பிக்கு: காசு விழும் வழியில் ஒரு காந்தம் உண்டு, இரும்பைப் பிடித்துத் தள்ளுவதற்காக. பழைய நாலணா முழு நிக்கல். நிக்கலையும் காந்தம் இழுக்கும். நல்ல காசையே பெட்டி துப்பியதால் காந்தத்தைக் கழற்றி வைத்திருந்தோம். உங்கள் காட்டில் மழை பெய்தது அதனால்தான். 1972இலிருந்து செம்பு கலந்த நாலணா வந்தது, அது காந்தத்தில் ஒட்டாது. புதுக் காசு கைக்குக் கை புழங்க ஆரம்பித்ததும் காந்தத்தைத் திரும்ப மாட்டினேன். பழைய காசு வைத்திருந்தவர்கள் கொஞ்ச நாள் என்னைத் திட்டினார்கள்.

இனி ஐயாவின் தட்டு. நான் வேலை பார்த்த இடங்களில் பெட்டி கடைக்காரருக்குச் சொந்தமில்லை. வைத்தவர் வேறு ஆள், வாரம் ஒருமுறை வந்து காசைப் பிரித்துக்கொள்வார். பெட்டிக்குப் பாட்டு எண்ணத் தெரியாது. முள் தட்டின் உள்கோட்டுக்குப் போனால்தான் நிறுத்தும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருந்தால் ஒரு நாலணாவுக்கு இரண்டும் ஓடிவிடும். மூன்று நிமிடத்தில் அடுத்த காசு விழ வேண்டிய இடத்தில் ஆறு நிமிடம் போகும். அப்படிப்பட்ட தட்டு எதைக் கண்டாலும் எடுத்துவிடச் சொல்வார். இந்தி, குஜராத்தி, தமிழ் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். உங்கள் கடையில் என்ன நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சேட்டுக்கு அதில் கையே இருந்திருக்காது.

கொலாபா இளைஞன்:

பெரியவர்களே, குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். ஜூக்பாக்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் கொலாபாவின் மாண்டிகர் கஃபே ஒன்றுதான். சுவர் முழுக்கக் கார்ட்டூன் ஓவியர் மாரியோ மிராண்டாவின் சித்திரங்கள். தமிழ்ப் பாட்டு கேட்டுப் பார்த்ததில்லை, அடுத்த தடவை கேட்கிறேன்.

செம்பூர் கிழவன்:

மெக்கானிக் ஐயா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். திருநெல்வேலிக்காரர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டிருப்பேன். சேட் கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை. ஐம்பது வருடமாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

வடாலா அம்மா, ஜுரம் வந்தது எங்கள் தட்டுக்குத்தான். உங்கள் அப்பா போடச் சொன்ன அந்த நாலணாவை நான் தர வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், ஐயா. அப்படி எடுத்த தட்டுகளை என்ன செய்தீர்கள்?

குர்லா மெக்கானிக்:

சாக்கில் கட்டிப் பரணில் போட்டோம். பெட்டிகள் பழைய இரும்பாகப் போனபோது தட்டுகளை யாரும் எடைக்குக்கூட எடுக்கவில்லை. ஒரு சாக்கு இன்னும் என் வீட்டில் கிடக்கிறது. ஓட்டை தள்ளிப்போன தட்டு என்கிறீர்கள், அதை விரலில் மாட்டிச் சுற்றினாலே தெரிந்துவிடும். என் முழங்கால் பரண் ஏற விடாது. ஞாயிற்றுக்கிழமை மகன் வருகிறான், ஏறச் சொல்கிறேன்.