‘ஷீ மேட் ஹிம் எ கேக்’, ‘ஷீ மேட் ஹிம் எ லீடர்’: இரண்டும் ஒரே வாக்கிய அமைப்பு இல்லையா?

கேள்வி:
ஆங்கில வாக்கிய அமைப்புகளை நானாகவே படித்து வருகிறேன். தலைப்பிலுள்ள இரண்டு வாக்கியங்களிலும் சொற்கள் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஆனால் முன்னதில் இரண்டு செயப்படுபொருள்கள் என்றும், பின்னதில் ஒரு செயப்படுபொருளும், அது யார் அல்லது எது என்று விளக்கும் ஒரு காம்ப்ளிமென்ட்டும் உள்ளன என்றும் விடைக்குறிப்பு கூறுகிறது. எதை வைத்து இப்படிப் பிரிக்கிறார்கள்?

மறுமொழி 1:
வினைக்குப் பின்வரும் இரண்டையும் ‘இஸ்’ கொண்டு இணைத்துப் பாருங்கள். ‘ஹீ இஸ் எ லீடர்’ பொருந்துகிறது. எனவே அது காம்ப்ளிமென்ட். ‘ஹீ இஸ் எ கேக்’ என்றால் சிரிப்புத்தான் வரும். அவன் வேறு, கேக் வேறு என்பதால் இரண்டுமே செயப்படுபொருள்கள். மேலும், கேக்கை முன்னால் நகர்த்தி ‘ஷீ மேட் எ கேக் ஃபார் ஹிம்’ என்று சொன்னாலும் பொருள் மாறாது. லீடரை அப்படி நகர்த்தினால் பொருள் கெட்டுவிடும்.

மறுமொழி 2:
வேற்றுமை உருபுகளும் இங்கே கைகொடுக்கும். ‘அவனுக்குக் கேக் செய்தாள்’, ‘அவனைத் தலைவன் ஆக்கினாள்’ என்று தமிழில் சொல்லும்போது, ஆங்கிலத்தின் ஒரே ‘ஹிம்’ ஓரிடத்தில் ‘கு’ உருபும் மற்றோரிடத்தில் ‘ஐ’ உருபும் ஏற்கிறது. ‘மருத்துவரைச் சந்தித்தார்’ என்பதில் செயப்படுபொருள் இருப்பதையும், ‘மருத்துவர் ஆனார்’ என்பதில் அது இல்லாததையும் இவ்வாறே உணரலாம்.

மறுமொழி 3:
மேலுள்ள வழி நல்லதுதான். ஆனால் அதை முழுவதும் நம்பிவிட வேண்டாம். ‘ஐ லைக் மியூசிக்’ என்பதை நாம் ‘எனக்கு இசை பிடிக்கும்’ என்கிறோம். ‘கு’ உருபை மட்டும் பார்த்தால், ‘நான்’ என்னும் பொருளுடைய ஆங்கில ‘ஐ’ என்பதே மறைமுகச் செயப்படுபொருள் (‘அவனுக்குக் கேக்’ என்பதில் ‘அவனுக்கு’ போலப் பெறுபவரைக் குறிப்பது) போலத் தோன்றும். ஆங்கிலத்தில் அதுதான் எழுவாய். ‘கடிதம் எழுதினான்’ என்பதில் தமிழின் ‘ஐ’ உருபு தொக்கு நிற்பதையும் மறக்கக் கூடாது. ‘இஸ்’ சோதனையே எனக்கு உறுதியானதாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ‘ஷீ புட் தி புக் ஆன் தி டேபிள்’ என்பதில் கடைசிப் பகுதி எது? நான் படிக்கும் ஐந்து அமைப்புகளில் எதிலும் அது அடங்கவில்லை.

மறுமொழி 3 எழுதியவர்:
அது அட்வெர்பியல், அதாவது இடம், காலம், விதம் போன்றவற்றைச் சொல்லும் பகுதி. பொதுவாக அதை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆனால் ‘புட்’ என்ற வினை இடத்தையும் கேட்டு வாங்குவதால், ‘ஷீ புட் தி புக்’ என்பதோடு நிறுத்த முடியாது. ராண்டால்ஃப் க்வர்க் முதலிய நால்வர் 1985-இல் வெளியிட்ட விரிவான இலக்கண நூல் இத்தகையவற்றையும் சேர்த்து ஏழு அமைப்புகளாக வகுக்கிறது. ‘ஷீ லிவ்ஸ் ஹியர்’ என்பது அவ்வாறு சேர்ந்த மற்றொன்று.