கிராமத்து மாலை வகுப்புக்குச் சிங்கப்பூரிலிருந்து உதவுவது எப்படி?

யீஷூன்_அன்பியம்:
எங்கள் அன்பியக் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர் சேர்ந்த குழு) குடும்பங்கள் சேர்ந்து, சிவகங்கை மாவட்டக் கிராமம் ஒன்றில் பங்குத்தந்தை தொடங்கும் மாலை வகுப்புக்கு மாதாமாதம் உதவ நினைக்கிறோம். பாதிப் பேர் சிங்கப்பூர்க் குடிமக்கள், மற்றவர்கள் இந்தியக் கடவுச்சீட்டு. எல்லாரிடமும் பேநவ் கைபேசிப் பணப்பரிமாற்றத்தில் வாங்கி, ஒருவர் கணக்கிலிருந்து ஃபாதருக்கு அனுப்பினால் போதுமா? வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிடோக்_கணக்கர்:
வேண்டாம், ஃபாதர்தான் மாட்டிக்கொள்வார். சிங்கப்பூர்க் குடிமக்கள் கொடுப்பது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ, அதாவது இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில், பதிவோ முன் அனுமதியோ உள்ள சங்கம்தான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அது முதலில் விழ வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அவரவர் தனியாக அனுப்பி, அவரவர் பெயரில் ரசீது வாங்குங்கள்.

அதே திருத்தம், வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டது. மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகள்) சமூகப்பணிச் சங்கம் வாங்கி ஊர் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடியாது. சங்கமே வகுப்பை நடத்தி ஆசிரியைக்கு நேரே சம்பளம் போட வேண்டும். பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும், காலாவதித் தேதியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கல்விக்கென்று வந்த பணத்தில் மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) நடத்தக் கூடாது.

இங்கே சிங்கப்பூரில், சொந்தக் காசு வரை பிரச்சினை இல்லை. பொதுமக்களிடம் திரட்டினால் அறப்பணி ஆணையரின் அனுமதி வேண்டும். செலவு போக மிஞ்சுவதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. வரிக்கழிவு கிடையாது.

மாலைவகுப்பு:
முதல் வாரம் பாடமே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை என்று வாசிக்கச் சொல்லட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். பாடத்தைக் கடகடவென ஒப்பிக்கிற பிள்ளையிடம் அதே பத்தியின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டிக் கேட்டால், கொ, கோ, கௌ இடத்திலேயே நின்றுவிடும். வகுப்பு வாரியாக இல்லாமல் வாசிக்கும் நிலை வாரியாகப் பிரியுங்கள். வீட்டுப்பாடம் எழுதவைப்பதோடு நிற்கும் மையங்களில் இந்தப் பிள்ளைகள் அப்படியே எட்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை.

ஒரு ஆசிரியைக்கு 20 பிள்ளைகள் போதும். அதே ஊர்ப் பெண்ணாக இருக்கட்டும், ஊதியம் தேதி தவறாமல் போகட்டும். இடத்தையும் யோசியுங்கள்: வகுப்பு நடக்கும் தேவாலயம் ஊருக்குள், பிள்ளைகள் ஆதிதிராவிடர் காலனியில் என்றால் இருட்டியபின் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். சில ஊர்களில் பகலிலும் ஊர்த் தெரு வழியே வரத் தயங்குவார்கள். காலனியிலேயே ஒரு திண்ணை கிடைத்தால் போதும்.

பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் உண்டு. மார்ச்சில் வருகைப் பதிவேடு பாதி காலியானால் ஆசிரியையைக் குறை சொல்லாதீர்கள். யார் எந்தச் சூளைக்குப் போனார்கள் என்று அவர் எழுதிவைத்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது தேடிப்பிடித்துச் சேர்க்கலாம்.

யீஷூன்_அன்பியம்:
மிக்க நன்றி. தனித்தனியாகவே அனுப்புகிறோம். பெரிய பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஏற்கலாமா?

மாலைவகுப்பு:
முதலில் அரசு தருவதை வாங்கவையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. நமக்குக் கிடையாது என்றே பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் முடிக்கச் சொல்லுங்கள். அப்புறமும் குறைவதை நீங்கள் கொடுங்கள், விடுதிக் கட்டணம்தான் பெரும்பாலும் இடிக்கும்.