வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை: செல்லுமா, செல்ல வேண்டுமா?

வடிவமைப்பாளர்:

கோவையில் நீர்மூழ்கி பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றினேன். நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்துக் கொடுத்துவிட்டு, அதே ஊரிலுள்ள வேறொரு பம்பு நிறுவனத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். பழைய நிறுவனத்தின் பணி நியமனக் கடிதத்தில், பணியிலிருந்து விலகிய நாள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தமிழ்நாட்டில் பம்பு தயாரிக்கும் வேறெந்த நிறுவனத்திலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணிபுரியக்கூடாது என்றும், மீறினால் ஐந்து லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது, நானும் கையெழுத்திட்டிருந்தேன். இப்போது அந்தத் தொகையைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் பட்டச் சான்றிதழையும் இன்னும் திருப்பித் தரவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு பேச என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த நிபந்தனை நீதிமன்றத்தில் நிற்குமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாரிமுனை வழக்குரைஞர்:

நிற்காது. சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் வணிகத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கும் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. தடை நியாயமானதா, குறுகிய காலத்துக்கானதா, சிறிய நிலப்பரப்புக்கானதா என்ற கேள்விக்கே அந்தப் பிரிவில் இடமில்லை. அதிலேயே எழுதப்பட்டுள்ள விதிவிலக்கு ஒன்றுதான்: ஒரு வணிகத்தை அதன் நற்பெயரோடு விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே வணிகத்தை நடத்துவதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். கூட்டாளிகளுக்கு 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் தனியாகச் சில விலக்குகளைத் தருகிறது.

உங்கள் வீட்டார் சொல்வது ஒரு சூழ்நிலைக்குப் பொருந்தும். பணியில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும். கல்யாணில் இருந்த டயர் நூல் ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த கோலிகரி என்பவர் இடையிலேயே விலகிப் போட்டி நிறுவனத்துக்குப் போனபோது, ஒப்பந்தத்தின் எஞ்சிய காலம் முடியும்வரை அங்கே பணியாற்றக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 1967இல் உறுதி செய்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் தடை வேறு. அது செல்லாது. முதன்மை நிபந்தனையே செல்லாதபோது, அதை மீறியதற்காக எழுதி வைத்த ஐந்து லட்சத்துக்கும் பிடிமானம் கிடையாது.

பீளமேடு பட்டறை:

வழக்குரைஞர் ஐயா சட்டத்தின் இன்றைய நிலையைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். அந்த நிலை நியாயமானதா என்பதே என் கேள்வி. நானும் இதே தொழிலில் இருப்பவன். நோட்டீஸ் அனுப்பிய நிறுவனத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை.

ஆறு அங்குல ஆழ்துளைக் கிணற்றுக்கான ஒரு பம்பில், நீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகளின் வளைவையும் கோணத்தையும் முடிவு செய்வதற்குள் எத்தனை பேட்டர்ன்கள் (வார்ப்புக்கான மாதிரி வடிவங்கள்) செய்யப்படுகின்றன, எத்தனை வார்ப்புகள் டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடையில்) தோற்று மீண்டும் உலைக்கே போகின்றன என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அரை டிகிரி மாற்றத்தில் செயல்திறன் சற்றே ஏறும். அந்தச் சிறு ஏற்றம்தான் மின்சிக்கன நட்சத்திரக் குறியீட்டுக்கும், அதன் வழியாக அரசு ஒப்பந்தப் புள்ளிக்கும் தகுதி பெற்றுத் தருகிறது. தோற்ற வார்ப்புகள் அத்தனைக்கும் காசு கொடுத்தது நிறுவனம். எது தோற்கும் என்ற அறிவோடு ஒருவர் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால், நாங்கள் பல ஆண்டுகள் செலவழித்துக் கற்றதை எதிர்த்தரப்பு ஒரு மாதச் சம்பளத்தில் பெற்றுவிடுகிறது.

இங்கிலாந்தில் இந்த முழுத் தடை இல்லை. 1711இல் லண்டனின் ஒரு தேவாலய வட்டாரத்துக்குள் ஐந்தாண்டுகளுக்கு ரொட்டி சுடும் தொழில் செய்வதில்லை என்ற உறுதிமொழியை நீதிமன்றம் ஏற்றது. 1894இல் நார்டன்ஃபெல்ட் என்ற பீரங்கித் தொழிலதிபருக்கு உலகளாவிய 25 ஆண்டுத் தடையே செல்லும் என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. நியாயமான தடையா என்று பார்க்கும் பொறுப்பை அங்கே நீதிபதியிடம் விட்டிருக்கிறார்கள். நம் சட்ட ஆணையமே 1958இல் தந்த 13ஆம் அறிக்கையில் 27ஆம் பிரிவைத் திருத்தி நியாயமான தடைகளை அனுமதிக்கப் பரிந்துரைத்தது. இன்றுவரை அது செயலுக்கு வரவில்லை. கடை விற்றவரைத் தடுக்கலாம், கற்றுக்கொடுத்து வளர்த்தவரை ஓராண்டுகூடத் தடுக்க முடியாது என்பதில் என்ன நீதி இருக்கிறது?

சிங்காநல்லூர் தொழிலாளி:

பட்டறைக்கார அண்ணன் காட்டிய இரண்டு இங்கிலாந்து வழக்குகளிலும் வேலைக்கு நின்ற தொழிலாளி எவரும் இல்லை. முதலாமவர் தம் கடையின் குத்தகையை மாற்றிக் கொடுத்தவர். இரண்டாமவர் தம் தொழிற்சாலையையே பெருந்தொகைக்கு விற்றவர். விலை வாங்கிக்கொண்டு ஒதுங்க ஒப்புக்கொள்வது ஒன்று. வேலை வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு என்று நீட்டப்படும் கடிதத்தில் போடுவது வேறொன்று. நியமனக் கடிதத்தின் நிபந்தனையைப் பேரம் பேசி மாற்றிய ஒரு பட்டதாரியை நான் பார்த்ததில்லை.

இடத்தையும் கவனிக்க வேண்டும். பம்புத் தொழிலில் தேர்ந்த ஒருவரிடம் தமிழ்நாட்டில் இரண்டாண்டு பம்பு வேலை செய்யாதே என்று சொல்வது, ஊரை விட்டுப் போ அல்லது படித்த தொழிலை மறந்துவிடு என்று சொல்வதற்குச் சமம். வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு இவற்றோடு இரண்டாண்டைக் கடக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. இது புதிய கதையும் அல்ல. 1876இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஓக்ஸ் நிறுவனத்தின் வழக்கில், வேலையை விட்டவர் சென்னையிலிருந்து 800 மைல் தொலைவுக்குள் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நியாயத்தின் அளவை முதலாளியின் பேனாவிடம் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த 800 மைலே சாட்சி.

கலிபோர்னியாவிலும் 1872 முதல் ஏறத்தாழ இதே விதிதான் நடப்பில் இருக்கிறது; இரண்டு சட்டங்களுக்கும் நியூயார்க்கில் வழக்குரைஞர் டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய வரைவே மூலம். அந்த விதியால் அங்கே தொழில் அழிந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது. ஒரு நிறுவனத்தில் கற்றவர்கள் வெளியேறி அடுத்ததைத் தொடங்கித்தான் சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது.

பீளமேடு பட்டறை:

கலிபோர்னியாவைச் சொன்ன தம்பி, அங்கே வணிக ரகசியத்தைத் திருடுபவரைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இருப்பதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. சட்ட ஆணையம் தன் 289ஆம் அறிக்கையோடு 2024 மார்ச்சில்தான் அதற்கான வரைவைக் கொடுத்திருக்கிறது. ஒரு கதவை 1872இலேயே அடைத்துவிட்டு, மறுகதவை இன்னும் கட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

வாழ்வாதாரம் பற்றிய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் விலகிய பிறகு மூன்று மாதமோ ஆறு மாதமோ, வீட்டில் இருக்கும் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுத்து, அதுவரை மட்டும் போட்டியாளரிடம் சேராதே என்று கேட்டால் அதில் யார் பசி கிடக்கிறார்கள்?

மேலும், வேலையை விட்ட பிறகான தடை செல்லாது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டு தீர்ப்பைப் பொதுவாக எல்லோரும் முழு ஆதரவாகக் காட்டுகிறார்கள். சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கில் மூவரில் இரு நீதிபதிகள் 27ஆம் பிரிவுக்குள் நுழையவே இல்லை. ஊழியர் தாமாக விலகவில்லை, நீக்கப்பட்டார். ஆகவே அந்த நிபந்தனை அவருக்குப் பொருந்தாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். தடை செல்லாது என்று விரிவாக எழுதியவர் நீதிபதி ஏ.பி. சென் ஒருவரே. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடிவதற்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அதே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. காற்றின் திசை மாறுகிறது என்றே நான் கருதுகிறேன்.

பாரிமுனை வழக்குரைஞர்:

1980ஆம் ஆண்டு தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த இடைவெளி பின்னர் அடைபட்டுவிட்டது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவரை விளம்பரங்களுக்கு ஏற்பாடு செய்துவந்த நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்றும், இந்த விதி வேலை ஒப்பந்தங்களுக்கு மட்டுமல்லாமல் மற்ற வணிக ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும் என்றும் 2006இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விஜயா வங்கித் தீர்ப்பு, நம் நண்பரின் நியமனக் கடிதத்திலுள்ள தடையை நிலைநிறுத்த உதவாது. அங்கே கேள்வி குறைந்தபட்சம் எவ்வளவு காலம் வேலை செய்ய வேண்டும் என்பது. பணிக்காலத்துக்குள் செயல்படும் நிபந்தனை அது. விலகியவர் எங்கு வேண்டுமானாலும் சேரலாம், பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். எங்கே சேரக்கூடாது என்று அது யாருக்கும் சொல்லவில்லை.

சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்தும் ஏற்பாட்டையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2007இல் வி.எஃப்.எஸ். குளோபல் வழக்கில் பார்த்தது. பணியிலிருந்து விலகிய பின் மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாலும், அந்தக் காலத்தில் வேறெங்கும் சேராதே என்பது முதல் நோக்கில் தொழிலைத் தடுப்பதே என்றது. நோட்டீஸ் காலத்தை நீளமாக வைத்து, அந்தக் காலத்தில் ஊழியரைப் பணியாளராகவே வைத்திருந்து சம்பளம் கொடுத்தால் நிலைமை வேறாகும். அப்போது ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த அவகாசம் என்றால், சட்டத்துக்கு உட்பட்டே அதைப் பெறலாம்.

தனிச் சட்டம் இல்லை என்பது உண்மை. பாதுகாப்பே இல்லை என்பது சரியன்று. வேலையை விட்டவர் வாடிக்கையாளர் விவரத் தொகுப்பை எடுத்துக்கொண்டு அதே அஞ்சல்வழி வணிகத்தைத் தொடங்கிய பர்லிங்டன் வழக்கில், அந்தத் தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று கூறி டெல்லி உயர் நீதிமன்றம் 1995இல் தடை விதித்தது. வரைபடம், சோதனைப் பதிவேடு, பேட்டர்னின் அளவுக் கோப்பு இவை நிறுவனத்தின் சொத்து. எடுத்துச் சென்றால் தடுக்க வழியுண்டு. ரகசியம் காக்கும் நிபந்தனையும் விலகிய பிறகு நீடிக்கும். ஆளைத் தடுக்க முடியாது, தாளைத் தடுக்கலாம்.

பீளமேடு பட்டறை:

தாளில் இல்லாமல் தலையில் இருப்பதைத்தான் நான் முதலில் சொன்னேன். எந்தக் கோணம் தோற்கும் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. புது இடத்தில் அவர் வாய் திறக்காமல், ஒரு வரைபடத்தைப் பார்த்துத் தலையை அசைத்தாலே போதும்; அதை எந்த நீதிமன்றத்தில் நான் நிரூபிப்பது? நிரூபிக்க முடியாத மீறலுக்கு ரகசியக் காப்பு நிபந்தனையை மருந்தாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓராண்டுத் தடை, நீதிபதி நியாயம் பார்க்கும் அதிகாரத்தோடு, தடைக்காலம் முழுவதும் சம்பளத்தோடு என்று சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சிங்காநல்லூர் தொழிலாளி:

அண்ணே, தலையில் இருப்பதைத்தான் நாங்கள் அனுபவம் என்கிறோம். உங்கள் பட்டறைக்கு ஆள் எடுக்கும்போது "பம்புத் துறையில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும்" என்றுதானே விளம்பரம் செய்கிறீர்கள்? அந்த ஐந்தாண்டில் அவர் கற்றதற்கும் இன்னொரு முதலாளிதான் காசு கொடுத்திருக்கிறார். வரும்போது அனுபவம், போகும்போது நிறுவனத்தின் சொத்து என்று ஒரே அறிவை இரண்டு விதமாகக் கணக்கெழுத முடியாது.

நீதிபதி நியாயம் பார்க்கட்டும் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நியாயமா இல்லையா என்று தெரிய வழக்கு முடிய வேண்டும். அதற்குள் அந்த ஓராண்டே கடந்துவிடும். செல்லவே செல்லாத நிபந்தனையைக் காட்டியே இன்று இவ்வளவு பயமுறுத்த முடிகிறது என்றால், செல்லலாம் என்ற நிலை வந்தால் புது நிறுவனம் எதுவும் இவரைச் சேர்க்கவே துணியாது.

வடிவமைப்பாளர்:

விளக்கிய அனைவருக்கும் நன்றி. நான் எந்த வரைபடத்தையும் எடுத்துவரவில்லை. ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களில் பதிவிறக்கிய சில சோதனைத் தாள்கள் என் சொந்த மடிக்கணினியில் கிடக்கின்றன. அவற்றை அழித்துவிடலாமா? சான்றிதழுக்கு என்ன செய்வது?

பாரிமுனை வழக்குரைஞர்:

அழிக்க வேண்டாம். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால், எதையோ மறைத்ததாக வாதாட நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள். ஒரு வழக்குரைஞர் வழியாக, எந்தக் கோப்பு எந்தத் தேதியில் பதிவானது என்ற பட்டியலோடு நிறுவனத்திடம் ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை பெற்ற பிறகு நீக்குங்கள். புது நிறுவனத்தின் கணினியில் அவற்றைத் திறக்கவே கூடாது.

பதில் நோட்டீஸில் 27ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்ததையும் பணி விடுவிப்புக் கடிதத்தின் தேதியையும் எழுதுங்கள். பட்டச் சான்றிதழை ஈடாகப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான நிலைப்பாடு. 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு அதே பதிலில் கேளுங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தராவிட்டால் சான்றிதழைத் திரும்பப் பெறும் வழக்குக்கு அந்தத் தபால் சான்றுதான் முதல் ஆவணம்.