லிங்கன்ஷயர் கிராமம், டைத் வரைபடம் கிடைக்கவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

மேகலா

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு சின்னக் கிராமத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. மொத்தம் அறுபது வீடு இருக்கும், ஒரு சர்ச், பூட்டிக் கிடக்கும் ஒரு மெதடிஸ்ட் சேப்பல் (இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிந்த சபையின் சிறு ஆலயம்), அவ்வளவுதான். ஊர்ப்பெயர் "பி" என்று முடிகிறது, எங்கள் தெரு பின்ஃபோல்ட் லேன். வீட்டு உத்தரத்தில் 1768 என்று செதுக்கியிருக்கிறது, அதைப் பார்த்த நாளிலிருந்து இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. இணையத்தில் தேடினால் 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே கணக்கெடுப்பில் ஊர்ப்பெயர் இருக்கிறது என்று மூன்று வரி வருகிறது, அதற்கப்புறம் தொள்ளாயிரம் வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி.

டைத் வரைபடத்தைப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் தேடினேன், எங்கள் ஊருக்கு இல்லை. தொலைந்துவிட்டதா? நான் வேறு எங்கே தேட வேண்டும்?

பழைய வரைபடம்

தொலைந்திருக்காது மேகலா, உங்கள் ஊருக்கு அதை வரையவே வேண்டியிருந்திருக்காது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுக்கும் தசமபாகத்தைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தது, அதற்காக வரைந்தவைதான் டைத் வரைபடங்கள். ஆனால் லிங்கன்ஷயரிலும் மிட்லண்ட்ஸிலும் பல ஊர்களில் அதற்கு முன்பே பொதுவயல்களைப் பிரித்து வேலி போட்டுவிட்டார்கள், அப்போதே தசமபாகத்துக்குப் பதிலாகப் பாதிரியாருக்கு ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஆகவே நீங்கள் தேட வேண்டியது என்குளோஷர் அவார்டு, அதாவது அப்படி நிலத்தைப் பிரித்துக் கொடுத்த ஆவணம். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்தச் சாலை எவ்வளவு அகலம், எந்த வேலியை யார் போட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும், பெரும்பாலும் வரைபடமும் உண்டு. லிங்கன் நகரில் உள்ள மாவட்டக் காப்பகத்தில் கேளுங்கள். ஊருக்கு வெளியே இரண்டு பக்கமும் அகலமாகப் புல் விட்டு நேர்க்கோடாக ஒரு சாலை போகிறதா? அது நிலத்தைப் பிரித்த ஆணையர்கள் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பின்ஃபோல்ட் என்றால் வேறு ஒன்றும் இல்லை, மாட்டுப் பவுண்டு. பயிரை மேய்ந்த மாட்டை அங்கே அடைத்துவைப்பார்கள், அபராதம் கட்டி மீட்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவருக்குப் பிண்டர் என்று பெயர். "பி" என்ற முடிவு டேனிஷ் மொழியில் ஊர் அல்லது பண்ணையைக் குறிக்கும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் வந்து குடியேறியதன் மிச்சம் அது.

உத்தரத்தை மட்டும் முழுசாக நம்பாதீர்கள். பழைய மரத்தை எடுத்து வேறு வீட்டில் போடுவது சகஜம்.

ஆதிரை

விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்று 1899இல் தொடங்கிய பெரிய திட்டம் உண்டு, வேறு மாவட்டமாக இருந்தால் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். லிங்கன்ஷயருக்கு 1906இல் வந்த ஒரு தொகுதியோடு நின்றுவிட்டது, ஊர்வாரியாக எதுவும் இல்லை. உங்கள் ஊரைப் பற்றி எழுத நீங்கள்தான் வர வேண்டும்!

டூம்ஸ்டேயிலிருந்து கீழே இறங்காதீர்கள், இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் எடுத்த மக்கள் பதிவேடு, 1921 சென்சஸ், அப்படியே பத்துப் பத்து வருடமாக 1841 வரை. 1931 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது 1942இல் தீயில் போய்விட்டது. 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள், 40 என்று இருந்தால் 44ஆகவும் இருக்கலாம். அதற்கும் முன்னால் சர்ச் பதிவேடுதான், 1538இல் தொடங்கிய வழக்கம் என்றாலும் பல ஊர்களில் அவ்வளவு பழசு மிஞ்சவில்லை. 1752க்கு முன்பு இங்கே புத்தாண்டு மார்ச் 25, அதனால் பிப்ரவரியில் நடந்த ஞானஸ்நானம் முந்தைய வருடக் கணக்கில் இருக்கும். நான் இதில் ஒரு மாதம் குழம்பினேன்.

பூட்டிய சேப்பலையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் சர்ச் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். 1851 மார்ச் 30 ஞாயிறன்று எந்த வழிபாட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நாடு முழுக்க எண்ணினார்கள், அப்போது சேப்பல் இருந்திருந்தால் அதன் கணக்கும் கிடைக்கலாம்.

கரிசல்

நிலம் வைத்திருந்தவர்களின் பெயர் எப்படியும் கிடைத்துவிடும். தயவுசெய்து ஏழைகளின் தாள்களையும் பாருங்கள், எனக்கு மனசைப் பிடித்து உலுக்கியவை அவைதான். 1662 சட்டப்படி, உதவி கேட்டு நிற்கக்கூடும் என்று தோன்றினாலே ஒருவரை அவருடைய சொந்தப் பாரிஷுக்கு (சர்ச்சை மையமாகக் கொண்ட ஊர்ப்பகுதி) திருப்பி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் நீதிபதிகள் விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம், என்ன கூலி. எழுதத் தெரியாத ஒரு பண்ணையாளின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கும், அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி. திருமணமாகாதவர் முழு ஒரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் அந்த ஊரில் உதவி பெறும் உரிமை கிடைக்கும், அதைத் தடுப்பதற்காகவே 51 வாரத்துக்கு மட்டும் ஆள் வைத்த முதலாளிகள் உண்டு. கர்ப்பிணிகளையும் இழுத்துப்போய் ஊர் எல்லையைத் தாண்டவைத்திருக்கிறார்கள், பிறக்கும் குழந்தையின் செலவு அடுத்த ஊரின் தலையில் விழட்டும் என்று. எல்லா ஊருக்கும் இந்தக் காகிதங்கள் மிஞ்சவில்லை, உங்கள் ஊருக்கு இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

மேகலா

எல்லோருக்கும் நன்றி. கரிசல் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காப்பகத்துக்குப் போன் செய்தேன், அவார்டு இருக்கிறதாம், வரைபடமும் இருக்கிறதாம்! அடுத்த வாரம் போகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் பின்புற வயலுக்கு அவருடைய தாத்தா சொன்ன ஒரு பெயரைச் சொன்னார், அது வரைபடத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கப் போகிறேன். லத்தீன் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

பழைய வரைபடம்

தாராளமாக. சட்ட ஆவணங்கள் 1733 வரைதான் லத்தீனில், அவார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெரியவர் சொன்ன பெயரை அவர் உச்சரித்தபடியே இன்றே எழுதிவையுங்கள், அவரிடம் மற்ற வயல்களின் பெயர்களையும் கேளுங்கள். போகும்போது பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை வாசிப்பறைக்குள் விடமாட்டார்கள்.