கார் இல்லாமல் குழந்தையின் பிறந்தநாள்: சுமப்பதா, வரவழைப்பதா?

நான்காம் மாடி:
எங்களிடம் கார் இல்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. பெண்ணுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. குழந்தைகள் 15 பேர், கூட வரும் பெரியவர்கள் ஒரு பத்துப் பேர். வீடு சின்னது, படியேறித்தான் வர வேண்டும் என்பதால் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன அரங்கை எடுத்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு விழா. இரண்டு மணிக்குத்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே குடிக்கிற தண்ணீர்க் குழாய் உண்டு, அடுப்பு உண்டு, ஃபிரிட்ஜ் கிடையாது. பஸ் வாசலிலேயே நிற்கும்.

இப்போது வீட்டில் இதுதான் சண்டை. "எல்லாவற்றையும் ஆர்டர் போட்டு அங்கேயே வரவழைத்துவிடலாம்" என்கிறார் கணவர். நாமே பார்த்து எடுத்துப் போனால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் பட்டியல் எழுதியதும் மலைத்துவிட்டேன். கேக், குளிர்பானம், தண்ணீர் பாட்டில், தர்பூசணி, நொறுக்குத் தீனி, தட்டு, டம்ளர், பலூன், தோரணம், விளையாட்டுப் பரிசுகள். யார் சொல்வது சரி?

கதவுதட்டி:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. வீட்டு வாசலுக்கு எல்லாம் வருகிற காலத்தில் பஸ்ஸில் மூட்டை தூக்கி என்ன நிரூபிக்கப் போகிறோம்? அந்த நேரத்தைக் குழந்தையோடு செலவழியுங்கள்.

தள்ளுவண்டி:
கதவுதட்டி, நீங்கள் சொல்வது வீட்டு விழாவுக்குப் பொருந்தும். இங்கே கதவு திறப்பது இரண்டு மணிக்கு, விழா மூன்றுக்கு. இடையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். நாலு கடையிலிருந்து நாலு பேர் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சரியாக வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, தாமதமானால் குழந்தைகள் வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வரவழைத்தால் அங்கிருந்து அரங்குக்குத் தூக்குவது யார்? பாரம் அதேதான்.

அக்கா, முதலில் அந்தப் பட்டியலை எடை போட்டுப் பாருங்கள். அதில் பாதி தண்ணீர், மீதிப் பாதி காற்று. 15 குழந்தைகள் ஆளுக்கு 400 மில்லி, பத்துப் பெரியவர்கள் ஆளுக்கு 300 மில்லி குடித்தால் ஒன்பது லிட்டர். அதாவது ஒன்பது கிலோ, பாட்டில் எடை தனி. அரங்கில் குழாய் இருக்கும்போது அதை ஏன் சுமக்க வேண்டும்? ஒரு பங்கு சிரப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் கலக்கிற வகையாக வாங்கினால் இரண்டு லிட்டரில் பத்து லிட்டர் பானம் கிடைத்துவிடும். தர்பூசணியிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். ஐந்து கிலோப் பழத்தைத் தூக்கினால் நாலரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் தூக்குகிறீர்கள்.

இனி காற்று. ஊதாத பலூன் ஒன்று மூன்று கிராம் இருக்கும். முப்பது பலூன் சட்டைப் பையில் அடங்கும். அதையே கடையில் ஊதி வாங்கினால் பஸ்ஸில் உங்களைத் தவிர யாரும் ஏற முடியாது. சிப்ஸ் பொட்டலமும் அப்படித்தான். நசுங்காத டப்பாவில் அடுக்கி வருகிற பிஸ்கட் அதே பையில் மூன்று மடங்கு கொள்ளும்.

தண்ணீரையும் காற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்று, முதுகுப் பை ஒன்று, அவ்வளவுதான்.

கதவுதட்டி:
கணக்கெல்லாம் சரி. ஆனால் இரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் முப்பது பலூனையும் ஊதப் போவது யார்? பானம் கலக்குவது யார்? தோரணம் கட்டுவது? சுமையைக் குறைத்து வேலையை ஏற்றியிருக்கிறீர்கள்.

தள்ளுவண்டி:
இது நியாயமான கேள்வி. கைப்பம்பு ஒன்று, உதவிக்கு இரண்டு ஆள். அரை மணி நேர வேலை.

நான்காம் மாடி:
ஹீலியம் பலூன் வேண்டும் என்று பெண் பிடிவாதமாக இருக்கிறாள். மேலே மிதக்க வேண்டுமாம்.

பழைய சமையல்காரர்:
ஹீலியம் வேண்டாம் அம்மா. சாதாரண ரப்பர் பலூன் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். முதல் நாளே நிரப்பி வைத்தால் விழா நேரத்தில் முழங்கால் உயரத்தில் நிற்கும். பளபளவென்று இருக்கிற ஃபாயில் பலூன் பல நாள் தாங்கும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பியில் பட்டால் ஆபத்து என்று சில ரயில்களில் ஏற்றவே விட மாட்டார்கள். காற்று அடித்து, நூலில் கட்டி, கூரையிலிருந்து தொங்க விடுங்கள். ஐந்து வயதுக்கு அதுவும் மிதப்பதுதான்.

பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். கூட வருகிற தம்பி தங்கைகள் எதையும் வாயில் வைப்பார்கள்.

இருபது வருடம் விருந்துச் சமையல் செய்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே எல்லாரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் முதலில் கேட்பது நேரத்தை. கெட்டுப்போகக்கூடிய உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது மேசையில் வைக்கும்போது அல்ல, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நிமிடத்தில். ஒன்றரை மணிக்குக் கிளம்பி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, அலங்காரம் முடித்து, நாலு மணிக்குப் பரிமாறினால் இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சுட்டெடுத்த வெறும் கேக், பிஸ்கட் தவிர, இறைச்சி, முட்டை, கிரீம், பால் சேர்ந்த எதுவும் அதில் தேறாது.

காரில் போனாலும் இதே கணக்குத்தான், அது வேறு விஷயம். கார்க்காரர்கள் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

மிதிவண்டி மாமா:
ஐயா சொன்னதற்கு ஒரு வழி உண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை முதல் நாள் உறைய வையுங்கள். முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும், பாட்டில் பிளந்துவிடும். குளிர் தாங்கும் பையில் உணவைச் சுற்றி அடுக்கினால் ஐஸ்கட்டி தனியாக வேண்டாம். விழா நடக்கும்போது அது உருகிக் குடிக்கிற குளிர்ந்த தண்ணீர். தள்ளுவண்டி தம்பி சுமக்கவே கூடாது என்கிற தண்ணீரில் இது மட்டும் இரண்டு வேலை பார்க்கும்.

மற்றபடி நான் மிதிவண்டிக் கட்சி. பின் சட்டத்தில் (கேரியரில்) பெரும்பாலும் 25 கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று கிலோமீட்டர் ஒரு தூரமா? இரண்டு நடை அடித்தால் முடிந்தது.

கதவுதட்டி:
கேக்கையும் பின் சட்டத்திலா மாமா?

மிதிவண்டி மாமா:
கேக்கை வைக்க மாட்டேன். ஒரு தடவை வைத்தேன். வேகத்தடை ஒன்றுதான், இரண்டடுக்குக் கேக் ஒன்றரை அடுக்காகிவிட்டது.

கதவுதட்டி:
அதனால்தான் சொல்கிறேன். கேக்கை மட்டுமாவது கடையே கொண்டுவந்து தரட்டும்.

ஆளுக்கொன்று:
எங்களுக்கு அப்படி ஒரு கடை கொண்டுவந்து தந்தது. இருசக்கர வண்டியில், பெட்டியைச் செங்குத்தாகப் பையில் செருகி வந்திருந்தார்கள். பூவெல்லாம் ஒரு மூலையில், பெயர் இன்னொரு மூலையில். கொண்டுவந்த பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அவனிடம் சொல்லவே இல்லை.

பழைய சமையல்காரர்:
அடுக்குக் கேக் என்ற எண்ணத்தையே விடுங்கள். சுட்ட தட்டிலேயே இருக்கிற ஒற்றை அடுக்குக் கேக், அந்தத் தட்டுக்கே ஒரு மூடி. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே தளர ஆரம்பிக்கும். அதனால் வெண்ணெய்ப் பூச்சு போட்டுக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். மேலே சாக்லேட் ஊற்றி ஆறவிட்டது அதைவிடக் கொஞ்சம் தாங்கும். பூ, பெயர், மெழுகுவத்தி எல்லாம் அங்கே போய். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வைக்க வேண்டாம், இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். மடியில் சமமாகப் பிடிக்க ஒரு ஆள். அந்த ஆள் வேறெதையும் தூக்கக் கூடாது.

ஆளுக்கொன்று:
சரி, யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். வருகிற பத்துப் பெரியவர்களில் சிலரிடம் கார் இருக்குமே? ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னால் என்ன? ஒருவர் பழம், ஒருவர் பானம். பிரச்சினையே இல்லை.

கதவுதட்டி:
விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு மூட்டை தூக்கச் சொல்வதா? என்னால் முடியாது.

ஆளுக்கொன்று:
கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். கேட்காமல் இருப்பதற்கு மானம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம், பாதி நேரம் அது வீம்பு.

நான்காம் மாடி:
வீம்புதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். "ஐயோ பாவம், அவர்களிடம் கார் இல்லை" என்று ஒரு பார்வை உண்டு. வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். என் பெண்ணின் பிறந்தநாள் அன்று அந்தப் பார்வை எனக்கு வேண்டாம்.

ஆளுக்கொன்று:
மன்னிக்க வேண்டும், அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

பழைய சமையல்காரர்:
உணவு கேட்பதில் வேறு சிக்கலும் உண்டு. யாருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பால், யாருக்கு முட்டை என்று அழைக்கும்போதே நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்னொருவர் வீட்டுப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. உதவி கேட்பதானால் உணவு அல்லாததைக் கேளுங்கள். விரிப்பு, பம்பு, பாட்டு போடுகிற பெட்டி. அல்லது அரை மணி நேரம் முன்னால் வருகிற இரண்டு கை.

தள்ளுவண்டி:
இரண்டு கை, சரியான வார்த்தை. அதைக் கேட்பதில் பாவப் பார்வை வராது அக்கா. கார் வைத்திருப்பவர்களும் பலூன் ஊத ஆள் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. மூன்றிலிருந்து ஐந்து மணி வரைதான் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து வருவார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போய்விடுவார்கள். கேக், பழம், ஒரு நொறுக்கு, பானம் போதும். முழுச் சாப்பாடு என்கிற மூட்டையே இல்லை.

அடுப்பு இருப்பதால் சோளம் கொண்டுபோய் அங்கேயே பாப்கார்ன் பொரிக்கலாம். ஒரு கைப்பிடி சோளம் ஒரு பாத்திரம் நிறையும்.

பழைய சமையல்காரர்:
நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாப்கார்ன் கொடுக்கக் கூடாது, புரை ஏறும். திராட்சையும் முழுசாகக் கூடாது, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். பழத்தை வீட்டிலேயே கழுவி, முழுசாகக் கொண்டுபோய் அங்கே நறுக்குவது நல்லது.

நேர்ப்பேச்சு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்ஸி பிடித்தால் முடிகிற விஷயத்துக்கு இத்தனை பேச்சா?

மிதிவண்டி மாமா:
கார் இல்லாமல் என்பதுதானே கேள்வி?

நேர்ப்பேச்சு:
சொந்தக் கார் இல்லாமல் என்பதுதான் கேள்வி. வருடம் முழுக்கப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு நாள் டாக்ஸியில் போனால் கொள்கை கெட்டுவிடாது. அதைவிட முக்கியமாக, நீங்கள் எல்லாரும் போவதையே பேசுகிறீர்கள். திரும்பி வருவதை யாராவது பேசினீர்களா? 15 குழந்தைகள் என்றால் 15 பரிசு. ஐந்து வயதுக்கு வாங்குகிற பரிசு ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிற பொருளைப் போல நாலு மடங்கு பெட்டி. போகிற மூட்டை உங்கள் கையில் இருக்கிறது, குறைக்கலாம். வருகிற மூட்டையை முடிவு செய்வது 15 குடும்பம். கூடவே குப்பைப் பை, மிச்சக் கேக், தூக்கத்தில் தோளில் சாய்கிற பிறந்தநாள் பெண்.

தள்ளுவண்டி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரிதான்.

கதவுதட்டி:
போகும்போதும் டாக்ஸியே என்றால் என் வாதமும் முடிந்தது. தூக்க வேண்டியதும் இல்லை, வரவழைக்க வேண்டியதும் இல்லை.

நேர்ப்பேச்சு:
இல்லை. போகும்போது பஸ்ஸும் கைவண்டியும் போதும், தள்ளுவண்டி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். வரும்போது மட்டும் டாக்ஸி. கணவர் பரிசுகளோடு டாக்ஸியில், நீங்களும் குழந்தையும் வழக்கம்போலப் பஸ்ஸில். டாக்ஸியில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. பரிசுகள் மூன்றாவது மாடியில் இருந்தே மூச்சு வாங்க வைக்கும், அது அவர் பாடு.

நான்காம் மாடி:
கணவரிடம் காட்டினேன். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

சரி, இப்படி வைத்திருக்கிறோம். தட்டு, டம்ளர், பிஸ்கட், தோரணம் இவற்றைக் கதவுதட்டி சொன்னபடி ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வரவழைக்கிறோம். கெட்டுப்போகாத சாமானுக்கு நேரம் தவறினாலும் பரவாயில்லை. தர்பூசணி இல்லை. சிரப் இரண்டு லிட்டர், உறைந்த பாட்டில் நாலு. பாப்கார்ன் வேண்டாம். ஒற்றை அடுக்குக் கேக் என் மடியில். கைவண்டி அவரிடம். தோழி ஒருத்தியிடம் இரண்டு கை கேட்டேன், உடனே சரி என்றாள். ஹீலியம் விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

கதவுதட்டி:
கேக்கை வரவழைத்திருக்கலாம் என்றுதான் இன்னும் சொல்வேன்.

பழைய சமையல்காரர்:
கடையில் ஒரு வார்த்தை, "படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வரவழைக்கலாம். நான் என்றால் மடியில்தான் வைத்துக்கொள்வேன்.

நேர்ப்பேச்சு:
பரிசுகளில் பெரியதாக ஏதும் வருகிறதா என்று தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டாக்ஸி அளவு அதைப் பொறுத்தது.

நான்காம் மாடி:
கேட்டேன். தாத்தா சைக்கிள் வாங்கிவிட்டாராம், அரங்குக்கே கொண்டுவருகிறாராம்.

மிதிவண்டி மாமா:
முன்னால் கூடை இருக்கிறதா?